இம்பாக்ட் பாராமீட்டருக்கு 'ஒதுங்கு தூரம்' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

இயற்பியல்ல வர்ற இம்பாக்ட் பாராமீட்டருக்குத் தமிழ்ல 'மோதல் காரணி'யே போதும், புதுசா ஒரு சொல் எதுக்குன்னு நம்ம குழுவுல ஐயா ஒருத்தர் முந்தின மடல்ல எழுதியிருந்தாரு. எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. காரணின்னாலே அலகு இல்லாத ஏதோ ஒரு எண்ணுன்னுதான் பசங்க எடுத்துக்குறாங்க, ஆனா இது ஸ்கேல் வெச்சு அளக்குற தூரம். கேரம் போர்டுல நிக்கிற ஒரு காய் மேல இன்னொரு காய் வந்து மோதுதுன்னு வெச்சுக்கோங்க, வர்ற காய் எதுலயும் படாம நேரா போயிருந்தா நிக்கிற காயோட மையத்துலேர்ந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்குமோ, அதுதான்.

இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், இருபரிமாண மீட்சி மோதல் (அதாவது ஒரு தளத்துல நடக்குற, மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல்) கணக்கே இது இல்லாம நகராது. மோதினதுக்கு அப்புறம் ரெண்டு காய்க்கும் எக்ஸ் திசையில, ஒய் திசையிலன்னு மொத்தம் 4 திசைவேகக் கூறு கண்டுபிடிக்கணும், நம்மகிட்ட இருக்குறதோ உந்தத்துக்கு 2 சமன்பாடு, இயக்க ஆற்றலுக்கு 1, ஆக மூணுதான். புத்தகத்துல ஒரு கோணத்தைக் கொடுத்து ஒப்பேத்திடுறாங்க. அந்தக் கோணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு பொண்ணு கேட்டா இந்தத் தூரத்தைத்தான் காட்டணும்.

கேரம் போர்டுல ரெண்டு காயின், விட்டம் 3 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க, உராய்வு, சுழற்சி எல்லாத்தையும் விட்டுடுவோம். ஒண்ணு சும்மா நிக்குது, இன்னொண்ணு விநாடிக்கு 2 மீட்டர்ல வருது, நான் சொல்ற தூரம் 1.5 செ.மீ. தொடுற நேரத்துல மையத்துக்கு மையம் 3 செ.மீ., 1.5-ஐ 3-ஆல வகுத்தா 0.5, அது சைன் 30°. விளிம்பு வழவழப்பா இருக்குறதால தள்ளுற விசை ரெண்டு மையத்தையும் சேர்க்குற கோட்டுல மட்டும்தான் இருக்கும், அதனால நின்ன காயின் வந்த திசையிலேர்ந்து 30°-ல 1.73 மீட்டர் வேகத்துல கிளம்பும், வந்தது மறுபக்கமா 60°-ல 1 மீட்டர் வேகத்துல போகும். வர்க்கம் போட்டுக் கூட்டிப் பாருங்க, 3-உம் 1-உம் சேர்ந்து 4, ஆற்றல் சரியா நிக்குது, நடுவுல கோணமும் 90°. தூரம் பூஜ்யம்னா நேர்மோதல், வந்த காயின் அங்கேயே நின்னுடும்.

காயினைவிடக் கனமான ஸ்ட்ரைக்கர் வந்தா நிறை சமமா இல்லாததால இந்த 90° கிடையாது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 5 கிராம் காயின்ல எப்படி மோதினாலும் தன் பாதையிலேர்ந்து 19.5°-க்கு மேல திரும்பவே முடியாது.

இப்ப பேருக்கு வர்றேன். 'மையவிலக்கம்'னு ஒருத்தர் சொன்னாரு, அது மையவிலக்கு விசையோட போய் ஒட்டிக்கும். 'விலகு தூரம்' நல்லாத்தான் இருக்கு, ஆனா மோதினப்புறம் திரும்புற கோணத்தையும் விலகு கோணம்னு சொல்றோமே, ரெண்டையும் ஒரே கணக்குல எழுதுனா பசங்க குழம்பிடுவாங்க. 'ஒதுங்கு தூரம்'னா மோதுறதுக்கு முன்னாடியே பாதை எவ்வளவு ஒதுங்கியிருக்குங்குறது கேட்ட உடனே புரியுது. தங்கத் தகட்டுல ஆல்ஃபா துகள்கள் பட்டுச் சிதறுறதுக்கு இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு 1911-ல போட்ட கணக்குலயும் இதே தூரம்தான் வருது, அங்க ஆல்ஃபா தங்க அணுக்கருவைத் தொடுறதே இல்ல, மின் விலக்கலே திருப்பிவிட்டுடுது. அந்த இடத்துல 'மோதல் காரணி'ன்னு எழுதுனா தொட்டு மோதுதுன்னே படிக்கிறவங்க நினைப்பாங்க, 'ஒதுங்கு தூரம்' ரெண்டு இடத்துக்கும் பொருந்தும்.

இலங்கை நண்பர்கள் அங்க வகுப்புல இதுக்கு என்ன சொல் புழங்குதுன்னு எழுதுங்க, அது இதைவிட நல்லா இருந்தா அதையே எடுத்துக்கலாம்.