ஐந்து தலைமுறைக் குடும்பத்துக்கு எந்த ஆயுட்கால அமைப்பு பொருந்தும்? (தி சிம்ஸ் 4)

ரோஸ் ஹில் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் எள்ளுத்தாத்தா ஒப்பந்தத் தொழிலாளராக மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வந்து இறங்கியவர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் அவருடைய பதிவெண்ணைக் கண்டெடுத்த நாளிலிருந்து, அவர் தொடங்கி என் வரைக்கும் ஐந்து தலைமுறையைத் தி சிம்ஸ் 4 விளையாட்டில் ஒரே குடும்பமாக வளர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்துவிட்டது. கோடை, குளிர்காலம் போன்ற பருவங்களுக்கான கூடுதல் தொகுப்பும் என்னிடம் இருக்கிறது. அதன் நாட்காட்டியில் காவடித் திருநாளை நானே ஒரு விழாவாகச் சேர்த்து, அன்றைக்குப் பள்ளிக்கும் வேலைக்கும் விடுமுறை கொடுத்து, விருந்தும் வைத்திருக்கிறேன்.

ஆயுட்காலம் 'இயல்பு' என்றும், ஒரு பருவம் 7 நாள் என்றும் வைத்து ஆடினேன். கோடையில் காவடி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, தாத்தா சோபாவில் அமர்ந்து மழலைப் பேரனுக்குப் புத்தகம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தவர் கூடத்தின் நடுவிலேயே சரிந்தார். எமன் வந்து நின்றான். அந்தப் பேரன் ஒரு காவடியைக்கூடத் தாத்தாவுடன் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கோர் டி கார்ட் மலையடிக் கோவிலுக்குப் பால்செம்பு சுமந்து போகும்போது மூன்று தலைமுறையும் சேர்ந்தே நடப்போம். விளையாட்டிலும் அப்படி நடக்க வேண்டுமானால் ஆயுளை 'நீண்டது' என்று மாற்றினால் போதுமா, அல்லது மூப்பையே நிறுத்திவிட வேண்டுமா? எனக்கு வாரத்தில் சனிக்கிழமை மாலை மட்டுமே நேரம் கிடைக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

கியூர்பிப் அன்பர்:

வணக்கம். உங்கள் சிக்கல் ஆயுளின் நீளத்தில் மட்டும் இல்லை. ஆயுளுக்கும் ஆண்டுக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு 7 நாள் என்றால் நான்கு பருவமும் சேர்ந்த ஓர் ஆண்டு 28 நாள், அதாவது காவடி 28 நாளுக்கு ஒருமுறைதான் வரும். 'நீண்டது' என்ற அமைப்பு இயல்பான ஆயுளை நான்கு மடங்காக்குகிறது, 'குறுகியது' என்பது பாதியாக்குகிறது. ஆகவே பருவத்தை 7 நாளிலேயே வைத்துவிட்டு ஆயுளை மட்டும் நீட்டினால், ஒவ்வொரு சிம்மும் (விளையாட்டின் மாந்தர்) ஒவ்வொரு வயதிலும் இப்போதைப்போல் நான்கு மடங்கு விழாக்களைக் காணும்.

இங்கே பலரும் தவறுகிற ஓர் இடம் உண்டு. ஆயுளை நீட்டியதும் பருவங்கள் மிக விரைவாக ஓடுவதாகத் தோன்றுவதால் பருவத்தையும் 28 நாளாக உயர்த்திவிடுகிறார்கள். அப்போது ஆண்டு 112 நாளாகிவிடும். ஆயுளும் நான்கு மடங்கு, ஆண்டும் நான்கு மடங்கு என்பதால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம். இரண்டு மாதம் இப்படி ஆடிய பிறகுதான் எனக்கே இது விளங்கியது. பருவ நீளத்தைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால், நாட்காட்டியைத் திறந்து உங்கள் காவடி நாள் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இயல்பான வேகத்தில் விளையாட்டின் ஒரு நிமிடம் நம்முடைய ஒரு நொடி. ஒரு நாள் 24 நிமிடம். 28 நாள் கொண்ட ஓர் ஆண்டு 11 மணி 12 நிமிடம். தூக்கத்தையும் வேலை நேரத்தையும் வேகமாக ஓட்டினால் இது வெகுவாகக் குறையும். ஆனாலும் சனிக்கிழமை மாலையில் மட்டும் ஆடுகிறவர், ஐந்து தலைமுறைக்கும் 'நீண்டது' என்று வைத்தால் பல மாதங்கள் ஆகும் என்பதை அறிந்தே இறங்க வேண்டும்.

காத்ர் போர்ன் தம்பி:

அக்கா, மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரிதான். அதோடு, யாருக்கெல்லாம் வயது ஏற வேண்டும் என்பதற்குத் தனி அமைப்பு இருப்பதையும் பாருங்கள். நீங்கள் ஆடும் குடும்பங்களுக்கு 'ஆம்', 'இல்லை', 'இப்போது ஆடும் குடும்பத்துக்கு மட்டும்' என்று மூன்று தேர்வுகள் உள்ளன. தாத்தாவின் பிள்ளைகள் மணமாகித் தனித்தனி வீடுகளுக்குப் போன பிறகு இதன் அருமை தெரியும். 'ஆம்' என்று இருந்தால், நீங்கள் மூத்தவர் வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இளையவர் வீட்டிலும் எல்லோருக்கும் வயது ஏறும். நீங்கள் பார்க்காமலேயே ஒரு சித்தப்பா இறந்துபோகலாம். 'இப்போது ஆடும் குடும்பத்துக்கு மட்டும்' என்று வைத்தால் அந்த இழப்பு நேராது, ஆனால் ஒரு வீட்டில் அதிக நாள் தங்கிவிட்டால் அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் வயது பொருந்தாமல் போகும். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் சரியாக ஏழு நாள் ஆடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.

நீங்கள் ஆடாத குடும்பங்களுக்கும் மூப்பை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் உங்கள் பேரன் பதின்பருவத்துக்கு வந்த பிறகும் அவனுடைய பள்ளித் தோழர்கள் சிறுவர்களாகவே இருப்பார்கள்.

இன்னொன்று: அமைப்பை மாற்றும் முன் ஆட்டத்தை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள். புயல் காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத நம் ஊரில் இது எப்படியும் நல்ல பழக்கம்.

போர்ட் லூயிஸ் பெரியவர்:

மகளே, நான் தி சிம்ஸ் 2 வெளிவந்த 2004-ஆம் ஆண்டிலிருந்து ஆடி வருகிறவன். முதல் விளையாட்டில் கைக்குழந்தை சிறுவராவதைத் தவிர யாருக்கும் வயதே ஏறாது, சிறுவர் சிறுவராகவே இருப்பார். இரண்டாவதில் பதின்பருவம் 15 நாள், நடுவயது 29 நாள் என்று வரையறை வந்தது. முதுமை மட்டும், அந்தச் சிம் எவ்வளவு நிறைவோடு முதியோர் பருவத்துக்குள் நுழைந்தது என்பதைப் பொறுத்து நீண்டது; மனநிறைவோடு மூத்தவர் கூடுதல் நாள் வாழ்வார். அந்த ஏற்பாட்டை நான் இன்றும் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எல்லோருக்கும் 'நீண்டது' என்று வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கைக்குழந்தைப் பருவமும் நான்கு மடங்காகும். பாலூட்டுவதிலும் துணி மாற்றுவதிலும் உங்கள் சனிக்கிழமைகள் கரைந்துவிடும். ஆனால் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஊதினால், நாள் நிறையும் முன்பே அடுத்த வயதுப் பருவத்துக்குப் போகலாம். ஆகவே நீட்டிய ஆயுளில் குழந்தைப் பருவங்களைக் கேக்கால் சுருக்கிக்கொண்டு, நடுவயதையும் முதுமையையும் முழுதாக வாழ விடுங்கள். தாத்தாவுக்குத் தவணை போதவில்லை என்றால், சிம்மின் ஆசைகள் நிறைவேறும்போது சேரும் நிறைவுப் புள்ளிகள் 1,500 கொடுத்து இளமை மருந்து வாங்கலாம்; அது அவர் இருக்கும் வயதுப் பருவத்தை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கிவைக்கும். மூப்பை அடியோடு நிறுத்துவது எனக்குப் பிடிக்காத வழி. மூத்தவர் விடைபெறாமல் இருந்தால் ஐந்தாம் தலைமுறை வருவதற்குள் வீட்டில் இடமே இருக்காது. ஒரு குடும்பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த விளையாட்டு அனுமதிக்காது.

ரோஸ் ஹில் வாசகி:

மூவருக்கும் நன்றி. விகிதத்தைப் பற்றிக் கியூர்பிப் அண்ணன் எழுதியதைப் படித்திராவிட்டால் நானும் பருவத்தை 28 நாளாக்கியிருப்பேன். இரண்டு சனிக்கிழமைகளாக ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆயுள் 'நீண்டது', பருவம் 7 நாள், மூப்பு 'இப்போது ஆடும் குடும்பத்துக்கு மட்டும்', மற்ற குடும்பங்களுக்கு 'ஆம்' என்று வைத்து முதல் தலைமுறையிலிருந்தே மீண்டும் தொடங்கியிருக்கிறேன். பெரியவர் ஐயா சொன்னபடி கைக்குழந்தைப் பருவத்தைக் கேக்கால் முடித்தேன். மழலைப் பருவத்தை மட்டும் சுருக்க மனம் வரவில்லை.

இளமை மருந்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எள்ளுத்தாத்தாவின் ஆயுள் எனக்குத் தெரிந்த அளவில் நீண்டதில்லை, அவருக்கு மருந்து ஊட்டினால் அது அவருடைய வாழ்க்கையாக இருக்காது. நேற்று முதல் காவடி வந்தது. எள்ளுத்தாத்தா இன்னும் இளைஞர்தான். விருந்து மேசையில் மகனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். மகனின் வயதுப் பட்டையில் சுட்டியை வைத்துப் பார்த்தேன். அடுத்த காவடிக்கும் அவன் சிறுவனாகவே இருப்பான்.