பர்மிங்காமில் மேயர் யார்?

கேள்வி: 1838-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி உரிமை பெற்றது என்றும், 1889-இல்தான் நகரத் தகுதி பெற்றது என்றும் படித்தேன். அதற்கு முன் ஊரை நிர்வகித்தவர்கள் யார்? இன்று அந்நகருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் உண்டா?

மறுமொழி 1: 1769 முதல் தெருக்களின் விளக்கு, துப்புரவு போன்றவற்றை ஆணையர் குழு ஒன்று கவனித்து வந்தது; 1838-க்குப் பிறகும் அது கலையாமல் மாநகராட்சிக்கு இணையாக நீடித்து, 1851-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே தன் அதிகாரங்களை ஒப்படைத்தது. என் பார்வையில் உண்மையான திருப்பம் ஜோசப் சேம்பர்லேன் மேயராக இருந்த 1873–1876 காலம்தான். தனியாரிடம் இருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை மாநகராட்சி வாங்கியது. எரிவாயுவில் கிடைத்த இலாபம் பொதுப்பணிகளுக்குச் சென்றது. குடிநீரைப் பொறுத்தவரை அவர் இலாபத்தை நாடவில்லை, மக்களின் உடல்நலத்தையே முன்வைத்தார். இந்த வேறுபாட்டை வரலாற்று மாணவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பின்னர், 1904-இல், வேல்ஸின் ஏலான் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 117 கிலோமீட்டர் தொலைவுக்குப் புவியீர்ப்பாலேயே நீர் வந்தது.

மறுமொழி 2: இரண்டாம் கேள்விக்கு: நகரத்தின் லார்டு மேயர் பதவி சடங்கு முறையானது. நேரடித் தேர்தல் மேயர் வேண்டாம் என்று 2012 வாக்கெடுப்பில் மக்கள் முடிவு செய்தனர். ஆகவே 101 உறுப்பினர் கொண்ட மன்றத்தின் தலைவரிடமே நிர்வாகம் உள்ளது. 2017 முதல் தேர்ந்தெடுக்கப்படும் மேயர், பர்மிங்காமையும் உள்ளடக்கிய மேற்கு மிட்லண்ட்ஸ் கூட்டு ஆணையத்துக்கு உரியவர்.

மறுமொழி 3: 2023 செப்டம்பரில் மாநகராட்சி 114-ஆம் பிரிவு அறிவிப்பை, அதாவது வரவைக் கொண்டு செலவைச் சமாளிக்க முடியாது என்ற அறிவிப்பை, வெளியிட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம ஊதியக் கோரிக்கைகளின் சுமை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதன்பின் பிரிட்டன் அரசு மாநகராட்சியைக் கண்காணிக்க ஆணையர்களை நியமித்தது.