கம்பளியா, ஃபிளீஸா? குளிர்மலை ஏறியவர்கள் சொல்லுங்கள்

கொடிமலைக்காரன், பினாங்கு

சபாவின் கினாபாலு மலைக்குப் போக ஒரு கூட்டம் இங்கே தயாராகிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் மூன் கேட் பாதை வழியாகப் பினாங்குக் கொடிமலை ஏறிப் பழகியவர்கள். கால் வலுவில் குறையில்லை. சண்டையெல்லாம் மேலே என்ன போடுவது என்பதில்தான். கம்பளி ஸ்வெட்டர் இல்லாமல் குளிர்மலையா என்று பாதிப் பேர். ஃபிளீஸ், அதாவது பஞ்சுபோன்ற பாலியஸ்டர் மேல்சட்டை, ஒன்று போதும், எடையே தெரியாது என்று மீதிப் பேர். போய் வந்தவர்கள் அவரவர் பட்டதைச் சொன்னால் புதியவர்களுக்கு உதவும். என் பங்கை முதலில் வைத்துவிடுகிறேன்.

கொடிமலை உச்சியே 833 மீட்டர்தான். அங்கே சாயங்காலக் காற்றுக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும். அதனால் கினாபாலு 4,095 மீட்டர் என்றதும் நமக்குக் குளிர் ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது. என்னைக் கேட்டால், அங்கே நம் ஆட்களைச் சாய்ப்பது வேர்வை. ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பனாலாபான் தங்குமிடம் வரை ஆறு கிலோமீட்டர், ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். உடம்பு ஊற்றாய் ஒழுகும். நடக்கிற வரை ஒன்றும் தெரியாது. நின்று கொஞ்ச நேரத்தில் முதுகில் ஒட்டிய சட்டை ஜில்லிட்டு, பல் கிட்ட ஆரம்பிக்கும்.

இரண்டு துணியும் இங்கேதான் பிரிகின்றன. கம்பளி இழை ஈரத்தைத் தனக்குள்ளே இழுத்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் குடித்தாலும், தோலுக்கு நனைந்த உணர்வு பெரிதாக வராது. குடிக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர். அதன் இழை ஒரு சதவீதம்கூட ஈரம் குடிக்காது. தண்ணீர் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும், பிழிந்து உதறினால் பெரும்பாலும் போய்விடும். சரி, அப்படியானால் கம்பளிதானே ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழுக்க நனைந்த தடிமனான கம்பளி, மேகம் மூடிய மலையில் விடியும் வரைக்கும் காயாது.

ஆகவே நான் போடுவது இப்படி: உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ பனியன், மெரினோ ஆட்டின் மெல்லிழைக் கம்பளியில் செய்தது. ஃபிளீஸ் பிளாஸ்டிக் பையில் கட்டி முதுகுப் பையில் கிடக்கும். ஏறும்போது அதைத் தொடுவதே இல்லை, நின்றதும்தான் வெளியே வரும். கையால் பின்னிய கனத்த ஸ்வெட்டரைக் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு காரில் போகும்போது எடுத்துப் போகலாம். கினாபாலுக்கு வேண்டாம்.


செந்தூல்காரன், கோலாலம்பூர்

ஸ்வெட்டர் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு நான் சாட்சி. எங்களோடு வந்த ஒரு நண்பன், அவன் அத்தை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைத்தான் நம்பி வந்தான். அழகான வேலைப்பாடு, கழுத்து வரை பின்னல். லாயாங் லாயாங் குடிலைத் தாண்டியதும் மழை பிடித்தது. பினாங்கு மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை, மெல்லியதாக, நிற்காமல். குளிருதே என்று அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஏறினான். தங்குமிடத்துக்கு வந்தபோது அது தண்ணீர்க் கனத்தில் இழுபட்டுத் தொடை வரை தொங்கியது. இரண்டு பேர் பிடித்துத்தான் முறுக்கிப் பிழிந்தோம். கட்டில் கம்பியில் தொங்கவிட்டோம். இரவு இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்ப எழுப்பினார்கள். அப்போதும் சொட்டாத குறைதான்.

என் ஃபிளீஸும் நனைந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிழிந்து உதறி, உறங்கும் பைக்குள் வயிற்றோடு அணைத்துப் படுத்தேன். எழுந்தபோது கை மணிக்கட்டில் மட்டும் ஈரம். நண்பனுக்கு வழிகாட்டி தன்னிடமிருந்த பழைய ஃபிளீஸ் ஒன்றைக் கொடுத்தார். சபாவின் பூர்வகுடியான கடசான் மனிதர், சிரித்த முகம், எங்களை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். தன் பையில் ஒன்று கூடுதலாகவே வைத்திருந்தார்!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சாயாட் சாயாட் சோதனைச் சாவடி தாண்டினால் மரமே கிடையாது, மொட்டைக் கருங்கல். அங்கே காற்று அடிக்கும்போது ஃபிளீஸ் போட்டிருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். அத்தனை துளை வழியாகவும் உள்ளே வந்துவிடும். மழைக்கோட்டை எடுத்து மேலே மாட்டிய பிறகுதான் ஃபிளீஸ் வேலை செய்யத் தொடங்கியது. ஃபிளீஸைப் புகழ்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.


பட்டர்வொர்த் அக்கா

நான் உங்களைப் போல மலையேறி இல்லை தம்பிகளா, நேபாளத்து முக்திநாத் கோயிலுக்கு யாத்திரைக் கூட்டத்தோடு போனவள். இருந்தாலும் 3,700 மீட்டருக்கு மேலே போயிருக்கிறேன், பேச உரிமை உண்டு.

போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். காரணம் காற்று. முற்பகல் கழிந்தால் காளி கண்டகி பள்ளத்தாக்கில் மணலை அள்ளி முகத்தில் வீசுகிற மாதிரி அடிக்கும். என் மகள் வாங்கிக் கொடுத்த ஃபிளீஸ் ஜாக்கெட் அந்தக் காற்றில் செந்தூல் தம்பி சொன்ன கதைதான். ஆனால் என்னிடம் ஒரு கம்பளிச் சால்வையும் இருந்தது, மாமியார் காலத்தது, நெருக்கமான நெசவு. அதைத் தலையோடு சுற்றி இடுப்பில் செருகினால் கண் மட்டும்தான் வெளியே.

கோயிலில் 108 தாரை. பசு முக வாய்களிலிருந்து கொட்டும் தண்ணீர் பனிக்கட்டி உருகி வருகிற தண்ணீர். தலையைக் குனிந்து வரிசையாக ஓடினேன். பாதியிலேயே தலை மரத்துப்போயிற்று, கோவிந்தா என்று சத்தம் போட்டதுதான் நினைவு. வெளியே வந்து ஈரச் சேலையை மாற்ற வேண்டும். அங்கே ஜாக்கெட் என்ன செய்யும்? சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளேயே மாற்றிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் அதே சால்வைக்குள்தான் மாற்றினார்கள். ஈரத் தலையையும் அதிலேயே துவட்டினேன், அப்படியும் அது கதகதப்பாகத்தான் இருந்தது. ராத்திரி அதுவே போர்வை.

விடுதியில் சாப்பாட்டுக் கூடத்து நடுவில் இரும்பு அடுப்பு, விறகு போட்டு எரிப்பார்கள். எல்லாரும் அதை ஒட்டித்தான் உட்காருவோம். பொறி தெறித்து என் ஃபிளீஸ் கையில் பட்டாணி அளவுக்கு உருகி ஓட்டை. அதே பொறி சால்வையில் பட்டபோது கருகின வாசம் வந்தது, தட்டிவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் கிராம் கணக்குப் பார்த்து மூட்டை கட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.


பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

அக்கா சொன்ன அடுப்பு விஷயம் சரிதான். பாலியஸ்டர் 250, 260 டிகிரியில் உருகிவிடும். கம்பளி தீப்பிடிக்க 550 டிகிரிக்கு மேல் வேண்டும், நெருப்பை எடுத்துவிட்டால் தானே அணைந்தும் போகும். இதே குணத்தை வைத்துத்தான் காத்மாண்டுவில் ஒரு காரியம் செய்தேன்.

தமேல் தெருவில் வரிசையாகச் சால்வைக் கடைகள். யாக் கம்பளி, நூற்றுக்கு நூறு என்று சொல்லி ஒரு கடையில் மூன்று சால்வை வாங்கினோம். விலை ரொம்ப மலிவு, அப்போதே உறுத்தியது. அறைக்கு வந்து ஓரத்தில் ஒரு நூலை உருவி லைட்டரைக் காட்டினேன். உண்மைக் கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் தூளாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது. நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. அக்ரிலிக் என்ற செயற்கை நூல். மூன்றுமே அப்படித்தான். கம்பளி போட்டும் குளிருது என்று நம் ஊரில் குறைசொல்கிறவர்களில் பாதிப் பேர் கம்பளியே போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் மலிவாக விற்கிற ‘கம்பளி’ச் சால்வைகளிலும் ஒரு நூலை உருவிப் பாருங்கள். வாங்கிய பிறகு, வீட்டில். கடைக்குள் லைட்டரை எடுத்தால் நான் பொறுப்பில்லை.

அரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பளி என்றாலே குத்தும் என்பது தடித்த இழையால் வந்த பெயர். 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட இழை தோலில் வளையாமல் முள்ளாக நிற்கும். பனியன் தைக்கிற மெரினோ 17 முதல் 19 மைக்ரோன் வரை, தோல் பட்டதும் வளைந்துவிடும். லேபிளில் அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.


ஆயர் ஈத்தாம் பையன், பினாங்கு

சாக்ஸ் கம்பளி. மற்றதில் எனக்குக் கருத்தே இல்லை. அன்னபூர்ணா அடிவார முகாம் வரை போட்டதையே மாற்றி மாற்றிப் போட்டேன், கொப்புளமும் இல்லை, கூட நடந்தவர்கள் மூக்கைப் பிடிக்கவும் இல்லை. அதே நாட்களில் பாலியஸ்டர் டீசர்ட் போட்ட நண்பனை அறைக்கு வெளியேதான் சட்டையைக் கழற்ற விட்டோம்.


வங்சா மாஜு அம்மா, கோலாலம்பூர்

மலைக்குப் போவதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். திரும்பி வந்த பிறகு அந்தக் கம்பளி எங்கே இருக்கிறது? நம் வீட்டு அலமாரியில். அங்கே தான் அதற்கு ஆபத்து.

சுவரில் சாம்பல் நிறத்தில், இரண்டு முனையும் கூம்பிய சின்னக் கூடு ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும், பார்த்திருப்பீர்கள். நம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் அது இல்லாத சுவர் உண்டா? அந்தக் கூட்டுக்குள் இருப்பது ஒரு பூச்சிப் புழு. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்குச் சாப்பாடு. என் வீட்டுக்காரர் குளிர்நாட்டிலிருந்து வாங்கி வந்த மெரினோ பனியனில் அக்குள் பக்கமாகப் பார்த்து ஓட்டை போட்டிருந்தது. வேர்வை படிந்த இடம் பூச்சிக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் துவைக்காமல் உள்ளே வைக்கவே கூடாது. இப்போது நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கிறோம். ஃபிளீஸைப் புழு சீண்டுவதில்லை. எங்காவது திணித்து வைக்கலாம்.

துவைப்பதும் அப்படித்தான். என் அம்மா தாத்தாவின் ஸ்வெட்டரைப் பக்கத்து டோபி கடையில் கொடுத்தார். அவர்கள் வெந்நீரில் போட்டு உலர்த்தும் இயந்திரத்திலும் சுற்றிவிட்டார்கள். கம்பளி இழையின் மேல் ஓடு ஓடாகச் செதில் இருக்கிறது. சூடும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிறகு பிரியவே பிரியாது. ஸ்வெட்டர் திரும்பி வந்தபோது என் ஆறு வயது மகனுக்குச் சரியாக இருந்தது. அவன் கெந்திங் மலைக்குப் போனபோது போட்டுக்கொண்டான், வீணாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாதான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.


கொடிமலைக்காரன், பினாங்கு

அக்காவின் சால்வைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று பேர் உள்ளே நின்று உடை மாற்றுகிற ஜாக்கெட்டை எந்தக் கம்பெனியும் இன்னும் தைக்கவில்லை.

காற்றைப் பற்றி இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், அதுதான் முக்கியம். கம்பளியோ ஃபிளீஸோ, சூட்டைக் காப்பது உள்ளே அடைபட்ட காற்று. மேலே காற்றுப் புகாத ஒரு மெல்லிய உறை இல்லையென்றால் இரண்டும் தோற்கும். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஆங்கிலேய மலையேறி மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே கபர்டீன் என்ற நெருக்கமான நெசவுத் துணியில் கோட்டு. அந்தத் துணிகளை அப்படியே மறுபடி தைத்து 2006இல் எவரெஸ்டிலேயே போட்டுப் பார்த்தார்கள். போட்டுப் பார்த்தவர் நல்ல சூடு, நடக்கவும் வசதி என்றுதான் சொன்னார். ஃபிளீஸ் அப்போது பிறக்கவே இல்லை. அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை அதை நெய்து, மலையேறிகள் உடம்பில் பரவலாக ஏறியது 1980களில்தான்.

ஃபிளீஸ் துவைக்கும்போது பொடி இழைகள் கழன்று சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகின்றன என்பதும் உண்மை. பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்தது என்று விற்கிற ஃபிளீஸிலும் அது நிற்பதில்லை. அதனால் நான் அடிக்கடி துவைப்பதில்லை. உள்ளே மெரினோ இருப்பதால் அதற்குத் தேவையும் வருவதில்லை.

வாங்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு: மெரினோ பனியன் விலை கடிக்கும், ஒன்று போதும். ஃபிளீஸுக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழையது சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். பிடித்துப் பாருங்கள், பஞ்சு தட்டையாகி உருண்டை உருண்டையாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதில் காற்று தங்காது. லேபிளில் 100, 200, 300 என்று இருந்தால் அது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை ஒட்டிய எண். கினாபாலுக்கு 200 சரி. 300 போட்டால் பையில் வேறெதற்கும் இடம் இருக்காது.

எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் ஸ்வெட்டரைத்தான் எடுப்பேன் என்கிறார்கள். எடுக்கட்டும். அவர்களுக்காக என் பையில் ஒரு பழைய ஃபிளீஸ் கூடுதலாகப் போகிறது. கையுறை பற்றி யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தில் கம்பளிக் கையுறை வழுக்கும் என்று ஒருவர் சொல்கிறார், ரப்பர் பூசிய தோட்ட வேலைக் கையுறையே போதும் என்று இன்னொருவர்.