பிராட் தெருக் கிணறு: கைப்பிடியைக் கழற்றியதால்தான் காலரா நின்றதா?

கேள்வி:
லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருவின் பொதுக் குடிநீர்க் கிணற்றில் பொருத்தியிருந்த பம்பின் கைப்பிடி, காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று கருதிய மருத்துவர் ஜான் ஸ்னோவின் வற்புறுத்தலால் 1854 செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டதாகவும், அத்துடன் காலரா ஓய்ந்ததாகவும் பள்ளியில் படித்தோம். நாள்வாரியான இறப்புக் கணக்கைப் பார்த்தால், அதற்குச் சில நாள்கள் முன்பே இறப்புகள் சரிந்திருக்கின்றன. அப்படியானால் கைப்பிடிக் கதை வெறும் அலங்காரம்தானா?

மறுமொழி 1:
நீங்கள் கவனித்தது சரியே. 600 பேருக்கு மேல் பலிகொண்ட அந்தப் பரவல் செப்டம்பர் முதல் நாள்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. மக்களில் பெரும்பாலோர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறியதால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருக்கலாம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். என் பார்வையில், அவருடைய திறமை வெளிப்படுவது விதிவிலக்குகளை ஆராய்ந்த இடத்தில்தான். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 500 பேருக்கு மேல் தங்கியிருந்தும் ஐவரே இறந்தனர், ஏனெனில் அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் ஆலைத் தொழிலாளர்கள் பீரையே குடித்துத் தப்பினர் (மதுவுக்கு இப்படியொரு நற்சான்று வேறெங்கும் கிடைத்திராது). மாறாக, தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு கைம்பெண், இந்தக் கிணற்று நீரின் சுவையை விரும்பி வண்டியில் வரவழைத்துக் குடித்து மாண்டார்.

மறுமொழி 2:
கைப்பிடியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஸ்னோவின் கருத்தைத் தவறென நிரூபிக்கப் புறப்பட்ட உதவிப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட்தான் தொற்றின் மூலத்தைக் கண்டறிந்தார். 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் கொட்டப்பட்டிருந்தது. 1855இல் தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கற்கட்டு சிதைந்து, சுமார் 3 அடி தொலைவிலிருந்த கிணற்றுக்குள் கழிவு கசிந்தது தெரியவந்தது. குழந்தை செப்டம்பர் 2 அன்று இறந்தபின் கொட்டுவது நின்றது. ஆனால் அதன் தந்தை நோயில் விழுந்தது செப்டம்பர் 8 அன்று, அதாவது கைப்பிடி அகற்றப்பட்ட அதே நாளில். அது கழற்றப்படாதிருந்தால் இரண்டாவது பரவல் தொடங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்வளவு சான்றுகளைக் கண்டபின் அரசு இதை ஏற்றுக்கொண்டதா?

மறுமொழி 3:
இல்லை. கெட்ட காற்றே காலராவைப் பரப்புகிறது என்ற நம்பிக்கையைச் சுகாதார வாரியம் கைவிடவில்லை. ஸ்னோ 1858இல் காலமானார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, முன்பு அவரை ஐயுற்ற புள்ளியியலாளர் வில்லியம் ஃபார்தான் அப்பகுதிக் குடிநீர் நிறுவனத்தின் நீரே காரணம் என்று எடுத்துக்காட்டினார்.