ஸ்டாமினா: ‘மூச்சிருப்பு’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காணொளி விளையாட்டுகளின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் சொற்பட்டியலில், களைக்காமல் ஆடுவதற்கான தெம்பைக் குறிக்கும் ‘ஸ்டாமினா’ என்பதற்கு ஆற்றல், தாங்குதிறன், உரம், தம் என நான்கு சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. நான்கையும் ‘தி சர்ஜ்’ என்னும் ஒரே விளையாட்டில் பொருத்திப் பார்த்தேன். எதுவும் முழுமையாக அமையவில்லை. ஆகவே ‘மூச்சிருப்பு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன்.

ஜெர்மனியின் டெக்13 நிறுவனம் உருவாக்கி 2017-இல் வெளிவந்த அறிபுனை விளையாட்டு அது. சக்கர நாற்காலியில் கிரியோ என்னும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும் கதைநாயகன் வாரன், உடலோடு முடுக்கப்பட்ட இயந்திரச் சட்டகத்தின் துணையால் எழுந்து நடக்கிறான். எதிரியின் கையையோ காலையோ குறிவைத்து வெட்டி, அந்த உறுப்பிலிருந்த பாகத்தைக் கொண்டு தன் கவசத்தைச் செய்துகொள்கிறான். திரையில் அவனுடைய நிலையைக் காட்டும் மூன்று அளவுப் பட்டைகள் உண்டு. உயிர்ப் பட்டையைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இரண்டில்தான் சிக்கல் இருக்கிறது. ஸ்டாமினா, ஓங்கி அடித்தாலும் விலகிப் பாய்ந்தாலும் ஓடினாலும் குறைந்து, சற்றே நின்றால் தானாக நிறைகிறது. எனர்ஜி என்பதோ அடிக்க அடிக்க ஏறி, சும்மா நின்றால் வடிந்துவிடுகிறது. உறுப்பைத் துண்டிக்கும் இறுதி வெட்டுக்கு அதுவே செலவாகிறது. நின்றால் ஏறுவது ஒன்று, நின்றால் வடிவது மற்றொன்று. இவ்வளவு எதிரான இரண்டுக்கும் ‘ஆற்றல்’ என்ற ஒரே சொல்லைப் பகிர்ந்தளிக்க முடியாது. அது எனர்ஜிக்கே உரியது. பள்ளி இயற்பியல் நூல்களும் அதை அப்படித்தான் ஆள்கின்றன.

‘தாங்குதிறன்’ நல்ல சொல்தான், ஆனால் வேறொன்றுக்கு நல்ல சொல். அடி விழும்போது நிலைகுலையாமல் நிற்பதை இவ்விளையாட்டு கவசத்தின் தனிப் பண்பாகக் கணக்கிடுகிறது. தாங்குவது என்றால் அதுதான். மேலும், திறன் என்பது ஒருவரிடம் நிலையாக இருப்பது. நொடிக்கு நொடி தீர்ந்து நிறைவதைத் திறன் என்று நாம் சொல்வதில்லை. ‘உரம்’ பழஞ்சொல் என்றாலும், ‘உரம் தீர்ந்துவிட்டது’ என்று எழுதினால், மரவள்ளியும் மஞ்சளும் விளையும் எங்கள் சேலம் மாவட்டத்தில் உரக்கடையைத்தான் நினைப்பார்கள்.

‘தம்’ என்பதை எளிதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை, ஏனெனில் விளையாடுபவர் வாயில் இருப்பது அதுவே. சென்ற வாரம் எங்கள் வீட்டில் தங்கை மகன் முதற்பெரும் எதிரியான பாக்ஸ் என்னும் இருகால் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது காலைத் தூக்கி மிதிக்க வரும்போது விலக வேண்டியவன், பேராசையில் இன்னும் ஓர் அடி வைக்கப் போய், பட்டை காலியாகி அகப்பட்டுக்கொண்டான். “தம்மே இல்ல மாமா, அடிக்க மாட்டேங்கறான்” என்று கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் போட்டான். அந்தக் கருவியை ஒருநாளும் தொட்டிராத என் அம்மா, மறுமுறை அவன் ஆடும்போது திரையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “அந்தக் கோடு நின்னா ஏறுது பாரு கண்ணு. அவனுக்கு மூச்சு வாங்குது, செத்த நேரம் உட்டு அடி.” நான் தேடிக்கொண்டிருந்த சொல் அந்த நொடியில் கிடைத்தது.

தம் என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த ‘மூச்சு’தான். ஆனால் எழுத்தில் அது ‘தம் மக்கள்’, ‘தம் பணி’ என்பதில் வரும் ‘தம்’மோடு மோதுகிறது. ‘தம் குறைவு’ என்று பட்டைக்கு மேலே இருந்தால் கண் ஒருமுறை தடுக்கும்.

மூச்சைப் பொருளாக்கி ஆடுவது நமக்குப் புதிதன்று. சடுகுடுவில் பாடிச் செல்பவர் எதிராளிகளின் பக்கம் இருக்கும்போது பாட்டு அறுந்தால் ஆட்டமிழக்கிறார். இன்னும் ஒருவரைத் தொடலாமா, கோட்டுக்குத் திரும்பும் அளவுக்கு மூச்சு மிஞ்சுமா என்ற அதே கணக்குத்தான் இங்கும் நடக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மிதிவண்டியில் ஏறுபவரைக் கேட்டாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மூச்சைப் பங்கிட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்பார்.

கையிருப்பு என்பதைப் போல மூச்சிருப்பு. இருப்பு என்றதும் செலவும் வரவும் உடன்வருகின்றன. ஓர் அடிக்கு ஆகும் அளவை ‘மூச்சுச் செலவு’ எனலாம். முற்றிலும் தீர்ந்த நிலைக்கு ‘இளைப்பு’, மீண்டும் நிறைவதற்கு ‘இளைப்பாறல்’ என்று சொன்னால், புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லாமல் இரண்டு சொற்கள் கைக்கு வருகின்றன.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ‘மூச்சு நின்றது’ என்றால் இறப்பு என்று பொருள்படுமே, உயிர்ப் பட்டையோடு குழம்பாதா என்பது முதலாவது. குழம்பக்கூடும் என்பதை ஏற்கிறேன். அதனால்தான் ‘மூச்சு’ என்று தனித்து விடாமல் ‘இருப்பு’ சேர்த்தேன், தீர்ந்த நிலைக்கும் ‘மூச்சற்ற’ என்பதைத் தவிர்த்தேன். இயந்திரம் மூச்சு விடுமா என்பது இரண்டாவது. சட்டகத்துக்குள் இருப்பவன் மனிதன்தான். அதற்கும் மேலாக, கஞ்சமலை இரும்புக்கல்லைச் சிறு உலைகளில் ஆட்டுத்தோல் துருத்தி ஊதி உருக்கிய ஊர்ப்பக்கம் எங்களுடையது. காலால் மிதித்து ஊதியதால் துருத்திக்கு ‘மிதிதோல்’ என்றே பழம்பெயர் உண்டு. இரும்பு வேலையில் கருவிக்கும் மூச்சு உண்டென்பது கொல்லர்கள் அறிந்தது.

இறந்த இடத்தில் விட்டுவந்த உலோகச் சிதறல்களை எடுக்க, நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரத்தோடு ஓடும்போதுதான் ஆட்டக்காரர் பெரும்பாலும் இளைப்பில் விழுகிறார். அவ்விடத்தில் திரைக்குறிப்பை இவ்வாறு எழுதலாம் என்று கருதுகிறேன்: “இளைப்பு. மூச்சிருப்பு மீளும்வரை தாக்க இயலாது.” இந்தத் தொடரைச் சோதித்துப் பார்த்து, வாய்க்கு எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். ‘மூச்சிருப்புப் பட்டை’ என்பதில் பகரம் இரட்டுவது திரையில் நீளமாகப் படுமாயின், அங்கே மட்டும் ‘மூச்சுப் பட்டை’ எனச் சுருக்குவதில் எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
சேலத்திலிருந்து