குழுச் சிகிச்சையில் யார் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறார்கள்?

உளவளத்துணையாளர், வெள்ளவத்தை:

குழு எந்த வகை என்று அறிய, பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே போதும். நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சைக் (சிபிடி) குழுவில் பெரும்பாலான பேச்சு சிகிச்சையாளரிடம் போய்த்தான் திரும்பும். போன கிழமை வீட்டுவேலை, இன்றைய திறன், பயிற்சி, அடுத்த வீட்டுவேலை என்று ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிக்க அவர் குறுக்கிட்டே ஆகவேண்டும்.

உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பழகுவதையே சிகிச்சையாக்கும் ஊடாட்டக் குழுவில் அதே குறுக்கீடு கேடு. அமெரிக்க உளமருத்துவர் ஏர்வின் யாலொம் இதற்கு ஏழெட்டுப் பேர் போதும் என்றார். இருவருக்கிடையில் அந்த நேரம் நடப்பதுதான் அங்கே மருந்து. ஒருவர் எங்கள் முகத்தையே பார்த்துக் கதைத்தால், எங்கள் பார்வையை மெல்ல மற்றவர்கள் பக்கம் திருப்புவோம். பெரும்பாலும் அவர் கண்ணும் பின்னால் போகும். போகாவிட்டால், "அதை அவரிட்டயே சொல்லுங்கோவன்" என்போம்.

கொழும்பில் இது இலகுவில்லை. "டொக்டர், நீங்களே சொல்லுங்கோ" என்று பழகியவர்கள். உடனே பதில் சொன்னால், ஏழு பேரைப் பார்க்க வைத்து ஒருவருக்குச் சிகிச்சை செய்வதாகிவிடும். "இஞ்ச வேற ஆருக்கு இப்படி நடந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். அரை நிமிட மௌனம் மிக நீளமாகத் தெரியும். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உளநலத் தாதி, கொழும்பு:

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் வகுத்த டிபிடி (கடும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் சிகிச்சை) திறன் குழுவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கிழமைக்கு ஒருமுறை, இரண்டு முதல் இரண்டரை மணித்தியாலம். ஒருவர் கற்பிப்பார், துணையாளர் முகங்களைக் கவனிப்பார். யாராவது கலங்கினால் அவரைப் பார்ப்பது துணையாளரின் பொறுப்பு. தன்னைக் காயப்படுத்திக்கொண்டதைக் குழுவில் விவரிக்க விடுவதில்லை, கேட்பவருக்கும் அந்த உந்துதல் தொற்றும். அது தனிச் சந்திப்புக்கு உரியது. முதல் நாளே இதைச் சொல்லாவிட்டால், வாயை அடைத்ததாக நினைத்து நின்றுவிடுவார்கள்.

சமூகப் பணியாளர், கொட்டாஞ்சேனை:

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏ (குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) கூட்டங்களில் சிகிச்சையாளரே இல்லை. ஒருவர் சொல்லி முடித்தால் வழக்கமாக யாரும் பதிலோ புத்திமதியோ சொல்வதில்லை, அடுத்தவர் தன் கதையைத் தொடங்குவார். அங்கே பழகியவர் ஊடாட்டக் குழுவுக்கு வந்து பேசாமல் இருந்தால், அக்கறை இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சேர்க்கும்போதே விளக்குங்கள்.

தமிழ்க் குழுக்களில் மூத்தவரை 'ஐயா' என்று கூப்பிடத் தொடங்கியதும் அவர் புத்திமதி சொல்பவராகிவிடுவார், இளையவர் கோபத்தை விழுங்கிவிடுவார். கூப்பிடும் முறையை மாற்றச் சொல்லாதீர்கள். "ஐயா சொல்லேக்க உங்கட மனசில என்ன வந்தது?" என்று இளையவரிடம் கேளுங்கள், மரியாதையும் கெடாது, கோபமும் வெளியே வரும்.

எங்கள் பக்கம் யாரோ யாருக்கோ சொந்தம், இல்லையென்றால் ஒரே கோயில். முதல் தனிச் சந்திப்பிலேயே ஊர், பாடசாலை, கோயில் மூன்றையும் கேட்டு, பெயர் சொல்லாமல் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் வேறு குழுவில் போடுங்கள். முதல் நாள் அறைக்குள் வந்தபிறகு ஒருவரையொருவர் கண்டுவிட்டால், அந்த இருவரும் முக்கியமான எதற்கும் வாய் திறக்கமாட்டார்கள்.