தமிழில் தேடினால் மலையாளம் வருகிறது, வழி சொல்லுங்கள்

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். நம்மைப் பின்தொடராத தேடுபொறி வேண்டும் என்று மூன்று வாரமாக ஒரு மாற்றுத் தேடுபொறிக்கு மாறியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 13, ஃபயர்ஃபாக்ஸ்.

‘தென்னை சுருள் வெள்ளை ஈ’ என்று தமிழில் தட்டினாலும் முதல் பக்கம் முழுக்க மலையாளம். 2016இல் இந்தியாவிலேயே முதலில் அந்தப் பூச்சியைக் கண்டது பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம்தான்; தமிழில் எழுதாமலா இருப்பார்கள்? எங்கள் தோப்பில் கீழ்மட்டை எல்லாம் கருப்படித்து, தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

மொழியைத் தமிழாக்கினேன், குக்கீகளை அழித்தேன், இருப்பிட அனுமதியை நிறுத்தினேன். அப்புறம் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவிலும் பார்த்தாயிற்று, அதேதான். பொள்ளாச்சியில் அத்தை வீட்டு வைஃபையில் மட்டும் தமிழ் வந்தது. ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்து ஊரை ஊகிக்கிறது போல.

விபிஎன் (ஐபி முகவரியை மறைக்கும் சேவை) போடாமல், தமிழ்ப் பக்கங்களை மட்டும் காட்டவைக்க என்ன செய்யலாம்?